ஒகுமேயின் மகன்

எச்சிகோ,
மெய்ஜி பதினைந்தாம் ஆண்டு, ஜனவரி.

அன்புள்ள நவோமிச்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அங்கே குளிர் விட்டிருக்கும், இங்கே பனி இன்னும் கூரை வரை கிடக்கிறது. எந்தக் குளிராக இருந்தாலும் நீ நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கிளாஸ்கோவிலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. கப்பல் பட்டறையில் உனக்கென்று தனி மேசை கொடுத்திருக்கிறார்கள் என்ற வரியை உன் அப்பா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். வாசலில் போனவர்களைக் கூப்பிட்டும் படிக்க வைத்தார். யாரோ ஒருவர் ஜப்பான் சீனாவில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று உன்னைக் கேட்டதாகவும் அன்று நீ சாப்பிடவில்லை என்றும் எழுதியிருந்தாய். தெரியாதவர் கேட்டார். ஸ்காட்லாந்து எங்கே என்று நம் ஊரில் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள். அதற்காகப் பட்டினி கிடக்காதே. அங்கே கிடைக்கிற இறைச்சியைச் சாப்பிடு. கம்பளிச் சட்டையை உள்ளே போடு, அழகுக்கு மேலே போடாதே.

கெங்கோ விஷயத்தை இனித் தள்ளிப்போடக் கூடாது. உன் தம்பி இனி நம் வீட்டுப் பிள்ளை இல்லை. பதறாதே. உயிரோடுதான் இருக்கிறான், முன்னைவிட நன்றாகவே இருக்கிறான். தத்துக் கொடுத்தது உனக்குத் தெரியும், ஆனால் அது பெயருக்கு என்றுதான் உனக்கு எழுதியிருந்தேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் அவனுக்கு இருபது ஆனது, படைக்கு ஆள் எடுக்கிற வயது. நீ மூத்தவன், வீட்டு வாரிசு, போதாததற்கு வெளிநாட்டில் படிக்கிறவன், உன்னைத் தொடமாட்டார்கள். இரண்டாவது பிள்ளையைத்தான் கொண்டுபோவார்கள். வாரிசு இல்லாத வயதானவர் யாருக்காவது அவனைத் தத்துக் கொடுத்துவிட்டால் அவன் அந்த வீட்டு வாரிசு, தப்பித்தான். ஊரில் பாதி வீட்டில் அதுதான் நடக்கிறது. பெயர் போகும், பிள்ளை போகமாட்டான். ஆற்றங்கரையில் குளியல் கூடம் வைத்திருக்கிறாளே ஒகுமே, அவளிடம் போய் நான்தான் கேட்டேன். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, அறுபது தாண்டியவள். இரண்டு வாள் செருகிய சாமுராய் வீட்டுப் பிள்ளை வெந்நீர் விற்கிறவளுக்கு மகனா என்று உன் பெரியப்பா குதித்தார். உன் அப்பா தத்துப் பத்திரத்தில் முத்திரை வைத்தார். வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஒகுமே வாசலில் வந்து நின்றாள். "முத்திர காயறதுக்குள்ள வந்துட்டாளேன்னு நெனைக்காதீங்கம்மா. எங்க எம் புள்ள? வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு" என்றாள். நான் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எம் வீட்டுக்காரரு பீடத்துல ஊதுவத்தி வைக்க ஒரு ஆளு வேணும்னுதான் சரின்னேன். பேருக்குப் புள்ளன்னா பேருக்கா ஊதுவத்தி வைப்பான்?" என்றாள். ஊர் பேசாமலிருக்கக் கொஞ்ச நாள் போய் இருந்துவிட்டு வா என்று கெங்கோவை அனுப்பினேன். அவன் மாற்று உடையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனான்.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உனக்குப் புரியாது. டோக்கியோவிலிருந்து புத்தகங்கள் வர வரப் படிக்கிறார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த நேரம் போக மிச்ச நேரம் முழுவதும் நாட்டின் சுதந்திரம்தான். ஒவ்வொரு ஆளும் தன் காலில் நிற்காத நாடு தன் காலில் நிற்காது என்கிறார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அவர் அதை வீட்டிலிருந்து ஆரம்பித்தார். அவரவர் சோற்றை அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும். அவர் வெளியே போகும்போது நான் வாசலில் மண்டியிட்டு வழியனுப்பக் கூடாது. முதல் நாள் நான் வழியனுப்பவில்லை. வேலிப் படல் வரை போனவர் திரும்பி வந்து, "ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஒரு நாற்காலியும் வாங்கியிருக்கிறார். அதன்மேல் ஏறி மண்டியிட்டு உட்கார்ந்துகொள்கிறார். நாகரிகம் என்று அவர் சொல்வது எது என்று எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. சில இடங்களில் பிடிபடுகிறது, அந்த இடங்களில் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

கோடையில் போலீஸ்காரர் ஒகுமேயிடம் போனார். ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் குளிக்கக் கூடாது, நடுவில் தடுப்புப் போட வேண்டும், மேல்நாட்டார் பார்த்தால் சிரிப்பார்கள் என்றார். நம் ஊருக்கு மேல்நாட்டார் ஒருவரும் வந்ததில்லை. ஒகுமே கேட்டாளாம், "சிரிக்கிறதுக்குன்னு அவ்ளோ தூரம் கப்பல் புடிச்சு வருவானுங்களா? வந்தா வரட்டும், முதுகு தேய்ச்சு அனுப்புறேன்." கெங்கோதான் தடுப்பைப் போட்டான். தண்ணீருக்கு மேலே பலகை, தண்ணீருக்குள்ளே ஒன்றுமில்லை, ஒரே வெந்நீர்தான் இரண்டு பக்கமும் போய் வருகிறது. பெண்கள் பக்கத்திலிருந்து நானே கேட்டேன், அந்தப் பக்கம் உன் அப்பா கழுத்தளவு நீரில் இருந்துகொண்டு சுங்க வரி விதிக்கிற உரிமை நம் கையில் இல்லை என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆள், "அதெல்லாம் இருக்கட்டும், கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார், சூடு பூரா உங்க பக்கமே வருது" என்றார்.

அறுவடை முடிந்தது. அந்த வருஷத்து ஆள் எடுப்பும் முடிந்துபோனது. நான் கெங்கோவைக் கூட்டிவரப் போனேன். அடுப்பின் முன்னால் இடுப்புத் துணியோடு உட்கார்ந்திருந்தான். தோள் அகன்றிருந்தது, முகமெல்லாம் கரி. வீட்டுக்குக் கிளம்பு என்றேன். "இப்ப எப்படிம்மா வர முடியும், தண்ணிக்கு இன்னும் சூடு ஏறலையே" என்றான். இப்போது இல்லை, இனிமேல் வீட்டோடு வா என்றேன். கொஞ்ச நேரம் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், "அங்க நான் ரெண்டாவது புள்ள. அண்ணனுக்கு ஏதாவது ஆனா வேணும்னு வச்சிருக்கிற புள்ள. இங்க நான் நெருப்பு மூட்டலேன்னா ஊர்ல யாருக்கும் குளியல் இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் போங்கள் என்றான். உள்ளிருந்து ஒகுமே, "டேய் கெங்கோ, வாய் பேசுற எடத்துல கையும் பேசணும், தண்ணி ஆறுது பாரு" என்று கத்தினாள். நம் வீட்டில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

அதை உன் அப்பாவிடம் சொல்லவில்லை. புத்தாண்டுக்கு வருவான், அப்படியே தங்கிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார், அவன் அறைக் கதவுகளில் புதுத் தாள் ஒட்டினார்.

பனி விழுவதற்கு முன் கோவில் மண்டபத்தில் பேச்சுக் கூட்டம் நடந்தது. நம் ஊரில் முதல் கூட்டம். உன் அப்பாதான் பேச்சாளர். ஒருவர் நின்றுகொண்டு, உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்து, கையில் சூத்திர நூல் இல்லாமல் தன் சொந்த எண்ணத்தைச் சொல்வது என்பதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பாயெல்லாம் நிறைந்துவிட்டது. மூலையில் போலீஸ்காரர், பேச்சுக் கூட்டம் என்றால் அவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். உன் அப்பா நன்றாகப் பேசினார், நவோமிச்சி. பெருமைக்குச் சொல்லவில்லை. கப்பலில் போகும்போது இலங்கையின் காலி என்ற துறைமுகத்தைப் பற்றி நீ எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டினார். கூடை கூடையாக நிலக்கரி சுமந்து ஏற்றியவர்களைப் பற்றி, பயணிகள் விட்டெறிந்த காசுக்காகக் கடலில் குதித்தவர்களைப் பற்றி. பக்கத்தில் இந்தியா, எவ்வளவு பழைய நாடு, எவ்வளவு மக்கள், ஒரு வியாபாரக் கூட்டத்தின் கைக்குப் போய்விட்டது என்றார். அவர்கள் நம்மைவிடக் குறைந்தவர்கள் இல்லை, நம்மைப் போலவே தூங்கினார்கள் என்றார். அந்த இடத்தில் நிறுத்தினார். அவர் நிறுத்தியதும் முன் வரிசையில் இருந்த கிழவிகள் கைகூப்பி, நமு அமிதா என்று புத்தர் நாமத்தை முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு முறை அவர் மூச்சு வாங்கும்போதும் அப்படியே. கோவிலில் ஒருவர் உருக்கமாகப் பேசினால் அது உபதேசம், நிறுத்தினால் நாமம் சொல்ல வேண்டும், அவர்களுக்கு வேறென்ன தெரியும். சுங்க வரிக்கு நமு அமிதா. துப்பாக்கிக்கும் நமு அமிதா. முடிவில் தாளில் மடித்த காசுகள் அவர் காலடியில் வந்து விழுந்தன. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். குருக்கள் ஓடிவந்து பொறுக்கிக்கொண்டார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மேல்நாட்டு முறைப்படி கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தார், யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்து. பின்னாலிருந்து தோகுஸோ எழுந்தார். நம் பழைய பண்ணை நிலத்துக்குப் பக்கத்தில் பயிர் வைக்கிறவர், உனக்கு நினைவிருக்கும். அவருடைய இரண்டாவது பையன் ஷிபாத்தா பாசறையில் இருக்கிறான். வைக்கோல் செருப்புப் பழகிய காலில் தோல் பூட்ஸ் மாட்டி நடக்க வைத்து, குதிகால் புண்ணாகி ஆறவேயில்லை. தோகுஸோ குரலை உயர்த்தவில்லை. "நல்லாப் பேசினீங்க ஐயா. நாட்டக் காப்பாத்தணும், சரிதான். உங்க சின்னவரு எங்கங்க?" என்று கேட்டார்.

ஒகுமே எழுந்துவிட்டாள். "அவன் எம் புள்ள. அடுப்பாண்ட இருக்கான். உனக்கென்ன, நீ குளிச்சு மாசம் ஒண்ணாவுது, இங்க வரைக்கும் மணக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தோகுஸோவும் சிரித்தார், ஆனால் உட்காரவில்லை. "ஒகுமேக்கா சொல்லிட்டாங்க. ஐயா வாயால கேக்கணும். உங்க புள்ளன்னா எம் புள்ளகூடப் பாசறையில நடக்கணும். அவங்க புள்ளன்னா, புத்தாண்டுக்குக் கூட்டிட்டு வந்து வீட்ல வச்சுக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

போலீஸ்காரர் தலையை நிமிர்த்தினார். என் பிள்ளை என்று உன் அப்பா சொன்னால் கெங்கோ பாசறைக்குப் போவான், முத்திரை வைத்தவருக்கும் வழக்கு வரும். இல்லை என்று சொன்னால் ஊர் முழுக்கக் கேட்க, பிள்ளை போய்விட்டான். உன் அப்பா கூட்டத்தில் என்னைத் தேடினார் என்று நினைக்கிறேன். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"தோகுஸோ கேக்கிறது நியாயம்" என்றார். பேச்சு மேடைக் குரல் போய்விட்டது, சாப்பிடும்போது பேசுகிற குரல். "பயத்துல பண்ணினேன். பண்ணிட்டு, ரெண்டு பக்கமும் வச்சுக்கலாம்னு இருந்தேன். வச்சுக்க முடியாது. அவன் ஒகுமே அம்மாவோட பையன். பேச்சுக்கு இல்ல, நெஜமாவே. இனிமே நான் அவனைக் கூப்பிட மாட்டேன்." தோகுஸோ தலை குனிந்து வணங்கினார். "சரிங்க. அப்ப எம் பையன் நடக்கிறது யாருக்காகன்னு அடுத்த கூட்டத்துல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கு உன் அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை, இன்றுவரை. தோகுஸோவின் பையனுக்குப் பஞ்சு வைத்துக் காலுறை தைத்து அனுப்பினேன், அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து நான் அவரோடு பேசவில்லை. பெற்ற பிள்ளையை என்னைக் கேட்காமல் ஊர் முன்னால் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பனி விழ ஆரம்பித்தது, விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் அவர் நாற்காலியில் உட்காராமல் என் எதிரே பாயில் உட்கார்ந்து, "நீ என்ன சொல்லியிருப்பே?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். அடுப்பின் முன்னால் கெங்கோவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அதையேதான் சொல்லியிருப்பேன், ஆனால் அழுதுவிட்டுச் சொல்லியிருப்பேன் என்றேன். நானும் உள்ளே வந்து அழுதேன் என்றார். அன்றிலிருந்து பேசுகிறோம்.

புத்தாண்டு அன்று கெங்கோ வந்தான். ஒகுமே இன்னும் பழைய நாட்காட்டிதான், அவர்களுக்குப் புத்தாண்டு பிப்ரவரியில். ஆகவே நம் வீட்டுப் புத்தாண்டுக்கு அவன் விருந்தாளியாக வந்தான். பின்கட்டு வழியாக இல்லை, முன்வாசல் வழியாக. ஒகுமேயின் கணவருடைய மேலங்கி, கை குட்டையாக இருந்தது. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தலை தாழ்த்தி, "போன வருஷம் எங்க வீட்டுக்கு நீங்க செஞ்சதுக்கெல்லாம் நன்றி. இந்த வருஷமும் எங்களப் பாத்துக்கணும்" என்றான். எங்கள் வீடு என்று அவன் சொன்னது அந்த வீடு. உன் அப்பாவும் கையூன்றித் தலை தாழ்த்தினார், அவன் தாழ்த்திய அதே அளவு. பெற்ற பிள்ளைக்கு அப்பா அப்படி வணங்கி நான் பார்த்ததில்லை. நான் விருந்தாளித் தட்டில் தேநீர் வைத்தேன்.

பிறகு இருவரும் பேசினார்கள். குளியல் கூடத்துக்குச் செங்கல்லில் புகைபோக்கி கட்டப்போகிறானாம். அப்பா புத்தகத்தில் படித்ததைச் சொன்னார். "அது இந்த ஊருப் பனிக்குத் தாங்காதுங்க" என்றான். எப்படித் தாங்காது என்று அப்பா கேட்டார், அவன் சாம்பலில் கோடு போட்டுக் காட்டினான், அப்பா முன்னால் குனிந்து பார்த்தார். இரண்டு ஆண்கள். நான் கேட்டுக்கொண்டே மோச்சி அரிசி அடை சுட்டேன். கிளம்பும்போது சொன்னான், பனி உருகியபின் நடவுக்குத் தோகுஸோ வயலில் ஆள் இல்லை, காலையில் அடுப்பு மூட்டிவிட்டுத் தினமும் நான் போகிறேன், ஒகுமே அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது என்று. இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பாவும் இல்லை, புத்தகமும் இல்லை. அவன் போனபின் உன் அப்பா சாம்பலில் அவன் போட்ட கோட்டை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு, "பையன் நல்லா வந்திருக்கான்" என்றார். யார் பையன் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு மனசு நிறைவாக இருக்கிறது, நவோமிச்சி. முழுக்க இல்லை. அவன் அறையைத் திறந்தால் புதுத் தாளின் பசை வாசனை இன்னும் வருகிறது, சட்டென்று மூடிவிடுகிறேன். ஆனால் குளிக்கப் போகிற நாளில் தண்ணீர் பதமாக இருக்கிறது, மூட்டியவன் யார் என்று எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு நெருப்பின் முன்னால் நிற்கிறீர்கள். உன் பட்டறை உலை பெரியது, பக்கத்தில் போகும்போது கவனம். கப்பல் கட்டக் கற்றுக்கொண்டு வா. வராமல் அங்கேயே இருக்கத் தோன்றினால் அதையும் மறைக்காமல் எழுது, நான் தாங்குவேன், இப்போது கொஞ்சம் பழகியிருக்கிறேன். உன் கையும் கண்ணும் நன்றாக இருக்கட்டும், தூர தேசத்துக் காற்று உன்னை ஒன்றும் செய்யாதிருக்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். தம்பிக்கு எழுதுகிற சீட்டை இனி என் உறைக்குள் வைத்து அனுப்பாதே. அவனுக்குத் தனியாக எழுது. உறையின் மேல் தகேமாதா என்று நம் குடும்பப் பெயரைப் போடாதே, ஆற்றங்கரைக் குளியல் கூடம், இகராஷி கெங்கோ என்று எழுது. முதல் முறை கை தயங்கும். புத்தாண்டு வாழ்த்து அனுப்பும்போது எனக்கும் தயங்கியது. எழுதி முடித்து, மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பெயர்தான்.

உன் அம்மா,
இசோ